குடும்ப டாக்டருக்கு நாம் துணை

எம்.பி.பி.எஸ். முடித்த பலரும் ஸ்பெஷலிஸ்ட் ஆகவே விரும்புகிறார்கள். தெருமுனை கிளினிக்குகளை எடுத்து நடத்த அடுத்த ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

டாக்டர்களுக்காகப் பேச 1928 முதல் இந்திய மருத்துவ சங்கம் இருக்கிறது. அவர்களைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமும் உண்டு. ஆனால் கிளினிக் மூடாமல் இருக்க நாம்தான் வேண்டும்.

சாதாரணக் காய்ச்சலுக்கு முதலில் அவரிடம் போங்கள். பழைய ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். போனில் ஆலோசனை கேட்டாலும் ஃபீஸ் கொடுங்கள். 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதலும் அதை அனுமதிக்கிறது. நெஞ்சுவலி என்றால் உடனே 108. சாதாரணச் சந்தேகம் காலை வரை காத்திருக்கட்டும்.

நம் வீட்டு சர்க்கரை, பிரஷர் கதையெல்லாம் ஃபைல் பார்க்காமலே தெரிந்தவர் அவர். அவரை இழந்துவிட வேண்டாம்.