மெடிக்கல் ரிப்போர்ட் லீக் ஆனா நஷ்ட ஈடு யார்கிட்ட கேட்கிறது?

பாஸ்வேர்டு லீக் ஆனா மாத்திக்கலாம். கார்டு நம்பர் போனா பிளாக் பண்ணிட்டு புதுசு வாங்கிக்கலாம். ஆனா உங்க ரத்தப் பரிசோதனை ரிசல்ட்? மனநல மருத்துவர்கிட்ட எடுத்துக்கிட்ட சிகிச்சை? ஒரு தடவை வெளிய போச்சுன்னா போனதுதான். அப்படிக் கசிஞ்சா நாம சட்டப்படி என்ன செய்யலாம்? அதைத்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

2024 செப்டம்பர் செய்தி ஞாபகம் இருக்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் வாடிக்கையாளர்களோட தகவல்கள் டெலிகிராம் சாட்பாட்ல கிடைக்குதுன்னு ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. பேரு, அட்ரஸ் மட்டுமில்ல, பரிசோதனை முடிவுகளும் நோய் விவரங்களும் அதுல இருந்தன. 3.1 கோடிக்கும் அதிகமானவங்க டேட்டா தன்கிட்ட இருக்குன்னு ஹேக்கர் சொன்னார். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. சரி, அது கம்பெனி போட்ட வழக்கு. பாலிசி எடுத்தவங்களுக்கு என்ன வழி?

"புதுச் சட்டம் இருக்கே, 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் உண்டே"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. உண்மைதான். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல அது இருக்கு. ஆனா அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவங்களுக்கு அதுல பங்கு கிடையாது.

நஷ்ட ஈடு வேணும்னா பழைய சட்டத்தைத்தான் பார்க்கணும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43ஏ. உங்க அந்தரங்கத் தகவலை ஒரு நிறுவனம் சரியாப் பாதுகாக்காம விட்டு, அதனால உங்களுக்கு இழப்பு வந்தா, அது ஈடு கட்டணும். மருத்துவ ஆவணங்களும் இதுல வரும்னு 2011 விதிகள் தெளிவாச் சொல்லுது. 5 கோடி ரூபாய் வரைக்குமான கோரிக்கைன்னா கோர்ட்டுக்குப் போக வேண்டாம். மாநில அரசோட ஐடி துறைச் செயலாளர்தான் தீர்ப்பு சொல்ற அதிகாரி. அவர்கிட்ட மனு கொடுக்கலாம்.

இங்கதான் கவனிக்கணும். புதுச் சட்டம் முழுசா அமலுக்கு வரும்போது இந்த 43ஏ நீக்கப்படும். அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்தாச்சு, 18 மாத அவகாசமும் ஓடிக்கிட்டிருக்கு. கசிவு நடந்தா உங்களுக்கே நேரா சொல்லணும்ங்கிற கடமை புதுசா வருது, நல்ல விஷயம். ஆனா நஷ்ட ஈடு கேட்க இருந்த ஒரு கதவு மூடுது.

இன்னொரு கதவு, நுகர்வோர் ஆணையம். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை அடுத்தவங்களுக்கு வெளியிடுறது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம். ஆனா ஹேக்கர் திருடினதை "வெளியிட்டது"ன்னு சொல்ல முடியுமான்னு எதிர்த்தரப்பு கேட்கும். அதனால பாதுகாப்புல இருந்த அலட்சியத்தைச் சேவைக் குறைபாடுன்னும் சேர்த்து எழுதுங்க.

அரசு மருத்துவமனைன்னா? 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதல்ல முடங்கின. எல்லாருக்கும் முழு இலவசமா சிகிச்சை தர்ற இடம்னா நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அப்போ உயர் நீதிமன்றத்துல ரிட் மனுதான். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அங்க கைகொடுக்கும்.

எந்தக் கதவைத் தட்டினாலும் முதல்ல கேட்கிறது ஆதாரம். கசிஞ்சதுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுங்க, தேதி தெரியணும். என் தகவல்ல எதெல்லாம் போச்சுன்னு நிறுவனத்துக்கு மெயில் போடுங்க, போன்ல பேசி விட்டுடாதீங்க. சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் கொடுத்து நம்பரை வச்சுக்கோங்க. பணம் போயிருந்தா உடனே 1930க்கு கால் பண்ணுங்க. மிரட்டல் மெசேஜ் வந்தா அழிக்காதீங்க, அதுதான் உங்க இழப்புக்குச் சாட்சி.

உங்க வீட்ல யாராவது இப்படி மாட்டியிருந்தா இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.