பெரிய சென்சார் யாருக்கு?

ஒளிப்படத் தொழிலில் ஓரளவு காலூன்றிவிட்ட இளைஞர்கள் பலர் இப்போது ஒரே யோசனையில் இருக்கிறார்கள். கையில் நல்ல ஃபுல் ஃபிரேம் கேமரா இருக்கிறது. அதை விற்றுவிட்டு, அதைவிடப் பெரிய சென்சார் உள்ள மீடியம் ஃபார்மட்டுக்குப் போகலாமா என்பதுதான் அது. முன்பெல்லாம் இப்படி யோசிக்கவே வழியில்லை. டிஜிட்டல் மீடியம் ஃபார்மட் என்பது பெரிய விளம்பர ஸ்டூடியோக்களில் முக்காலியை விட்டு இறங்காத கருவியாக இருந்தது. 2016-ல் ஹாசல்பிளாட் நிறுவனம் எக்ஸ்1டி என்ற மிரர்லெஸ் கேமராவை அறிவித்தது. அடுத்த ஆண்டே ஃபுஜிஃபில்மின் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் கடைக்கு வந்தது. 2024-ல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் இரண்டாம் பதிப்பின் எடை, பேட்டரியும் சேர்த்து, 900 கிராமுக்கும் குறைவு. நிக்கானின் ஃபுல் ஃபிரேம் கேமராவான இசட்8 அதைவிடச் சற்றுக் கனம். அறிமுகமானபோது அமெரிக்காவில் அந்த ஜிஎஃப்எக்ஸின் விலை 4,999 டாலர், இசட்8-இன் விலை 3,999 டாலர். எடையும் விலையும் இவ்வளவு நெருங்கிய பிறகு இளைஞர்கள் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

மீடியம் ஃபார்மட் என்ற பெயருக்கு இன்றும் இருக்கிற மதிப்பு ஃபிலிம் காலம் சம்பாதித்துக் கொடுத்தது. ஆஸ்கர் பார்னாக் சினிமா ஃபிலிமைக் கொண்டு 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் பிடிக்கும் சின்னக் கேமராவை உருவாக்கினார். 1925-ல் அது லைக்கா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இன்றைய ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு அதுதான். ஆனால் மீடியம் ஃபார்மட்டின் 120 ஃபிலிம் ரோல் 1901 முதலே புழக்கத்தில் இருந்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் ரோலிஃபிளெக்ஸ், யாஷிகா என்று, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த கேமராக்களில் ஓடியது அந்த ரோல். அதன் சதுர நெகட்டிவ் பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர். 35 எம்எம் நெகட்டிவைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். ஃபிலிமின் துகள் இரண்டிலும் ஒரே பருமன். பெரிய நெகட்டிவைக் குறைவாகப் பெரிதாக்கினாலே போதும் என்பதால் பிரிண்ட் வழுவழுப்பாக வந்தது. பென்சிலைக் கூராகச் சீவி நெகட்டிவிலேயே டச்சிங் செய்யவும் இடம் கிடைத்தது. வீட்டுச் சுவரில் அந்தக் காலத்து ஸ்டூடியோ படம் இருப்பவர்கள் அருகே போய்ப் பாருங்கள். பட்டுச்சேலையின் கரையில் இழை தெரியும்.

இன்று ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் கேமராக்களில் இருக்கும் சென்சார் ஏறத்தாழ 44-க்கு 33 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேமைவிடப் பரப்பில் 1.7 மடங்கு, அவ்வளவுதான். ஃபேஸ் ஒன் நிறுவனத்தின் 53-க்கு 40 மில்லிமீட்டர் சென்சார்கூட இரண்டரை மடங்கைத் தாண்டுவதில்லை. அப்பா காலத்துக் கேமராவின் புகழை அப்படியே இந்தக் கேமராவின் மேல் ஏற்றிப் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இன்னொரு விவரமும் இருக்கிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமான சோனி ஏ7ஆர் ஐந்தாம் பதிப்பில் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான். 102 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸிலும் அதே 3.76 மைக்ரான். ஃபேஸ் ஒன்னின் 151 மெகாபிக்சல் சென்சாரிலும் அதேதான். விதை ஒன்றுதான், வயல்தான் பெரிது. ஆகவே மீடியம் ஃபார்மட்டில் பிக்சல் ஒவ்வொன்றும் உயர்ந்த ரகம் என்று நினைக்க வேண்டாம். அதே பிக்சல்கள் கூடுதலாக இருக்கின்றன. பரப்பு கூடுவதால் மொத்தத்தில் விழும் ஒளி முக்கால் ஸ்டாப் அளவுக்குக் கூடும். இருண்ட பகுதிகளைத் தூக்கும்போது அந்த முக்கால் ஸ்டாப் கைகொடுக்கும். இருட்டைப் பகலாக்கிவிடாது.

பின்னணி வெண்ணெயாய்க் கரையும் என்பதற்காகவே மீடியம் ஃபார்மட் வாங்க நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஃபுஜியின் 110 எம்எம் எஃப்2 லென்ஸ் மிக அழகான போர்ட்ரெயிட் லென்ஸ். ஃபுல் ஃபிரேம் கணக்கில் அது ஏறக்குறைய 87 எம்எம் எஃப்1.6-க்குச் சமம். 85 எம்எம் எஃப்1.4, எஃப்1.2 லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேமில் ஏற்கெனவே இருக்கின்றன. கரைப்பதில் அவைதான் முந்தும்.

அப்படியானால் மீடியம் ஃபார்மட்டுக்கு என்ன வேலை? இருக்கிறது, முக்கியமான வேலை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ் முதலில் 35 எம்எம் கேமராவில்தான் எடுத்துக்கொண்டிருந்தார். 1960-களின் தொடக்கத்தில் ரோலிஃபிளெக்ஸுக்கு மாறினார். தோல் தோலாகவும் துணி துணியாகவும் தனித்தனியே தெரிய வேண்டும் என்ற வேட்கை அவருக்கு. சதுர நெகட்டிவ் அதைக் கொடுத்தது. மெதுவான அந்தக் கேமரா, எதிரே நிற்பவரை நேருக்கு நேர் நிறுத்திவைத்தது. அவருடைய புகழ்பெற்ற படங்களில் மனிதர்கள் நம்மை அப்படிப் பார்ப்பதற்குக் கருவியும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

மறுபக்கம் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் பிடித்தார். நோயுற்ற ஒரு துறவியின் அருகே, அழுதுகொண்டிருக்கும் அடியார்களின் நடுவே, சின்ன லைக்காவோடு போக முடிந்தவரால் பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தியிருக்க முடியுமா? எதிரே இருப்பவர் நமக்காக எவ்வளவு நேரம் நிற்பார் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மெகாபிக்சல் அதற்குப் பிறகு.

கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். கெட்டிமேளம் முழங்கும்போது முதல் முடிச்சு விழச் சில நொடிகள்தான். அட்சதை கண்ணை மறைக்கும், மாமாவின் தலை குறுக்கே வரும். நொடிக்கு 20 ரா படங்கள் எடுக்கும் இசட்8 அங்கே வேண்டும். நான் சொன்ன ஜிஎஃப்எக்ஸ் நொடிக்கு 7 எடுக்கும். சத்தமில்லாத ஷட்டருக்கு மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். இசட்8 சென்சாரை நொடியில் 270-இல் ஒரு பங்கு நேரத்தில் படித்துவிடும். 102 மெகாபிக்சல் சென்சாருக்குப் பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் மேல் ஆகும். அதற்குள் வீசிய கை வளைந்துபோகும், மண்டபத்து எல்இடி விளக்கு படத்தில் வரிவரியாக விழும். பிரிண்டுக்கும் அத்தனை மெகாபிக்சல் தேவையில்லை. கல்யாண ஆல்பத்தின் 12-க்கு 18 அங்குலப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 24 மெகாபிக்சலே தாராளம். கல்யாண வேலை செய்பவர்கள் மீடியம் ஃபார்மட்டை மனதிலிருந்து எடுத்துவிடலாம்.

அசையாத பொருள் என்றால் மீடியம் ஃபார்மட் தானே ஜெயிக்கும் என்று தோன்றும். அங்கேயும் ஒரு திருப்பம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள் நடையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. மிகக் குறுகலான இடம். எந்தக் கேமராவாலும் ஒரு சுவரை முழுதாக நேரே பார்க்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் துண்டு துண்டாக எடுத்துக் கணினியில் சேர்ப்பதுதான் வழி. சேர்ப்பதென்று முடிவான பிறகு ஃபுல் ஃபிரேமில் பத்துத் துண்டு கூடுதலாக எடுத்தால் எவ்வளவு பெரிய படமும் கிடைக்கும். சுவர் எங்கேயும் போகாது.

ஆகவே மீடியம் ஃபார்மட்டின் சொந்த நிலம் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. ஒரு நொடி நமக்காக நிற்கும், ஆனால் துண்டு துண்டாக எடுக்கும்வரை காத்திருக்காது, அப்படிப்பட்ட பொருள். மனித முகம் அப்படித்தான். பாறையில் மோதி எழும் அலை அப்படித்தான். காற்றில் சாயும் நெற்பயிரும், உடுத்தியவர் மேல் மடிந்து விழும் காஞ்சிப் பட்டும் அப்படித்தான். 61 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஏறத்தாழ 32-க்கு 21 அங்குலம் வரும். 102 மெகாபிக்சல் படம் 39-க்கு 29 வரும். முகங்களுக்கு 4-க்கு 3 என்ற கட்டம்தான் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. ஃபுல் ஃபிரேம் படத்தை அந்தக் கட்டத்துக்கு வெட்டினால் 61 மெகாபிக்சல் 53 ஆகிவிடும். அப்போது வித்தியாசம் கிட்டத்தட்ட இரு மடங்கு. கண்காட்சிச் சுவரில், ஒரு கை தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியும். கைப்பேசியில் பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

வெயிலில் ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜிஎஃப்எக்ஸில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 1/125 நொடிதான். ஏ7ஆர் ஐந்தாம் பதிப்பில் 1/250. ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையிலோ ஷட்டர் லென்சுக்குள்ளேயே இருப்பதால் 1/2000 வரை போகலாம். சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில் வானத்தை இருட்டாக்கி முகத்துக்கு மட்டும் ஒளி கொடுக்க நினைப்பவருக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஹாசல்பிளாட் வாங்கலாம் என்பேன்.

செலவு கேமராவோடு நிற்காது. 102 மெகாபிக்சல் படம், 16 பிட்டில், சுருக்காமல் சேமித்தால் 200 எம்பியைத் தாண்டும். ஆயிரம் படம் எடுத்தால் 200 ஜிபி. கணினியும் ஹார்ட் டிஸ்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

வாங்கும் முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஒரே ஆளை, ஒரே வெளிச்சத்தில், இரண்டு கேமராவிலும் எடுங்கள். ஃபுல் ஃபிரேமில் பழைய ஜூம் லென்ஸை மாட்டாமல் நல்ல பிரைம் லென்ஸை மாட்டுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது லென்ஸை. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். இரண்டையும் 30 அங்குலத்துக்கு அச்சடித்து, எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல், படம் எடுக்காத ஒருவரிடம் காட்டுங்கள். அவர் தயங்காமல் ஒன்றைத் தொட்டுக் காட்டினால், அந்த அளவு பிரிண்டை உங்களிடம் கேட்பவர்களும் இருந்தால், வாங்குங்கள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றால், அந்தப் பணத்தில் நல்ல ஃபிளாஷ் விளக்கு இரண்டும் ஒரு 85 எம்எம் லென்சும் வாங்கலாம்.