மணலுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

 

2025 மே 25. கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. சில நாட்களில் திருவனந்தபுரம் கரையிலும் நம் குமரிக் கரையிலும் பிளாஸ்டிக் குருணை வந்து ஒதுங்கியது. பருப்பளவு, வெள்ளை நிறம். வாளியாகவும் குடமாகவும் வார்ப்பதற்கு ஆலைக்குப் போகவேண்டிய மூலப்பொருள். மூட்டை கிழிந்தால் அலை அதை மணலோடு மணலாகக் கலந்துவிடும். அதைக் குனிந்து குனிந்து அள்ளிய கைகளை வணங்குகிறேன்.

ஆனால் கடற்கரை ஊர் மக்களே, ஒன்று கேட்கிறேன். கப்பல் மூழ்குவதற்கு முந்தைய மாதம் உங்கள் ஊர் மணலில் எத்தனை துகள் கிடந்தது? அதை எழுதிவைத்த ஏடு எங்கே?

அள்ளினால் கரை சுத்தமாகும். எண்ணி எழுதினால்தான் நியாயம் கேட்க முடியும். இலங்கையைப் பாருங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றியது. அதில் சுமார் 1,680 டன் குருணை இருந்தது. நீர்கொழும்பு மீனவரின் பிழைப்பு முடங்கியது. 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றப் படியேறும் நாளில் கண்ணீரோடு கணக்கும் கையில் இருக்க வேண்டும், அன்பர்களே!

கணக்கெடுப்பது கடினமா? இல்லை. கடைசி ஏற்றம் விட்டுப்போன வரியில், பாசியும் சிப்பியும் ஒதுங்கிய இடத்தில், 50 செ.மீ. சதுரச் சட்டத்தை வையுங்கள். மேல்மணலை 5 செ.மீ. ஆழம் வரை அள்ளிக் காயவையுங்கள். முதலில் 5 மி.மீ. சல்லடை, பிறகு 1 மி.மீ. சல்லடை. இரண்டுக்கும் நடுவே தங்கியதை, இனிக் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் கொட்டுங்கள். மணல் அடியில் தங்கும். குருணையும் தெர்மாகோலும் மேலே வரும். பி.வி.சி. போன்ற கனமானவை அமிழ்ந்துவிடும், அடிமண்டியையும் விரலால் துழாவுங்கள். குருணை, உடைசல், வலைநூல், தெர்மாகோல் என்று பிரித்து எண்ணுங்கள். அதே வரியில் ஐந்து இடங்களிலாவது எடுங்கள், இரண்டு எட்டு தள்ளினாலே எண்ணிக்கை மாறும்.

தேதி, ஓதம், காற்று மூன்றையும் எழுதுங்கள். கச்சான் காற்றில் ஒதுங்குவது எது, வாடைக்காற்றில் ஒதுங்குவது எது என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும்; அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்யம்தான் நாளைக்குப் பெரிய சாட்சி. இடமும் சட்டமும் சல்லடையும் மாதாமாதம் ஒன்றாகவே இருக்கட்டும்.

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று தயங்காதீர்கள். ஜப்பானியப் பேராசிரியர் ஹிதெஷிகே தகாதா 2005-இல் உலகக் கரைகளின் குருணைகளைச் சோதிக்கத் தொடங்கினார். அவை கடலில் கரைந்த பி.சி.பி., டி.டி.டி. நஞ்சுகளை ஈர்த்து வைத்திருப்பதை அந்த ஆய்வு காட்டியது. அவற்றைப் பொறுக்கி அஞ்சலில் அனுப்பியவர்கள் யார்? நம்மைப் போன்ற பொதுமக்கள்!

ஆகவே இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கடற்கரைப் பள்ளியிலும் ஒரு மணல் ஏடு தொடங்குவோம். மாணவர் எண்ணட்டும், ஆசிரியர் சரிபார்க்கட்டும், ஊராட்சி பாதுகாக்கட்டும். அடுத்த கப்பல் கவிழும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் மாதமே முதல் பக்கத்தை எழுதுங்கள்.