முதுமையில் நினைவு மங்காதிருக்க: சதுரங்கமும் சிரிப்பும் கேள்வி பதிலும்

(நமது அறக்கட்டளையின் முதியோர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிய விஷயங்களில் தள்ளாத முதுமையும் ஒன்று. எல்லாம் அறிந்திருந்த மனிதன் ஒன்றும் அறியாதவனாகிவிடும் வயதைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயமும் பேசுகிறது. கை கால் தளர்வதைவிட நினைவு தளர்வதற்குத்தான் நாம் அதிகம் அஞ்சுகிறோம். அதற்காக துஆ கேட்கிறோம். துஆவோடு நாம் செய்யக்கூடிய முயற்சி என்ன என்பதே இன்றைய பேச்சு.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் டிமென்ஷியா என்னும் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர்.

நம் பகுதி நிலைமையையும் பாருங்கள். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், அய்யம்பேட்டை, ராஜகிரி என்று எந்த ஊரை எடுத்தாலும் பிள்ளைகள் துபாயிலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீடு பெரிது, இருப்பவர்கள் இருவர். பணம் வருகிறது, மருந்து வருகிறது. வாய்விட்டுப் பேச ஆள் வருவதில்லை.

இதனால்தான் சதுரங்கப் பேச்சை எடுக்கிறேன். இது நம் பக்கத்துக்குப் புதிய ஆட்டம் அல்ல. நீடாமங்கலத்துக்கு அருகே பூவனூரில் உள்ள சிவன் கோயிலில் மூலவரின் பெயரே சதுரங்க வல்லபநாதர். விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறையில். அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய தாயார். 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத் நகரில் அவர் இளைஞர்களை வென்று உலக அதிவேகச் சதுரங்கப் பட்டம் பெற்றார். அதைவிடப் பெரிய ஆச்சரியம் விக்டர் கோர்ச்னாய். 2011இல் சுவிட்சர்லாந்தின் தேசியச் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 80!

மார்க்க நிலையையும் சொல்லிவிட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் சதுரங்கம் மக்ரூஹ். பந்தயம் வைத்தாலோ, தொழுகை தவறினாலோ, தீய பேச்சு கலந்தாலோ ஹராம். ஹனஃபி மத்ஹபின் நிலை இன்னும் கடுமையானது. எனவே யாரையும் ஆட வரும்படி நான் வற்புறுத்தவில்லை. அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஏற்கெனவே ஆடுகிறவர்கள் அந்த மூன்று எல்லைகளையும் காக்க வேண்டும். தோற்றவர் டீ வாங்கித்தர வேண்டும் என்பதும் பந்தயம்தான். பாங்கு சொன்னதும் எழுந்துவிடுங்கள். ராஜா எங்கும் ஓடிவிட மாட்டார்.

ஆடாதவர்களுக்கு இந்தப் பேச்சில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பலகையைச் சுற்றி நடப்பதைக் கவனியுங்கள். இருவர் ஆடுவார்கள், நால்வர் யோசனை சொல்வார்கள், ஒருவர் கேலி செய்வார், இன்னொருவர் பழைய கதை எடுப்பார். மூளைக்கு அங்கே கிடைக்கும் வேலையில் பாதி, பலகைக்கு வெளியேதான் இருக்கிறது.

நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்து, 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாசிப்பவர்களிடமும் பலகை ஆட்டங்கள் ஆடுபவர்களிடமும் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் ஆடினால் நோய் வராது என்று இதற்குப் பொருள் இல்லை. மறதி தொடங்கியவர்களே ஆட்டத்தை விட்டிருக்கலாம். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை, பார்வைக் குறைவு, காது கேளாமை ஆகியவற்றோடு தனிமையும் அதில் இருக்கிறது. இவை ஒன்றோடொன்று பின்னியவை. காது மந்தமானவர் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார். சில நாளில் கூச்சப்பட்டு வருவதையே நிறுத்திவிடுவார். அவருக்குக் காது கேட்கும் கருவி வாங்கித் தருவது, அவரை மறுபடி சபைக்குக் கொண்டுவருவதாகும்.

சிரிப்பு வயதுக்கு அழகல்ல என்று நினைக்காதீர்கள். நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் ஏறிச் செல்ல ஒட்டகம் கேட்டார். ஒட்டகக் குட்டி தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் இன்னோர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் செய்தி இது. அதில் பொய் இல்லை, யாரையும் புண்படுத்தவில்லை. கேட்டவர் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. நல்ல நகைச்சுவை மூளைக்குத் தரும் பயிற்சியே அந்த ஒரு நொடிதான்.

கேள்வி பதிலும் அப்படித்தான். வளைகுடாவில் இருந்து திரும்பியவர்களிடம் இதைக் கேளுங்கள்: நாம் மந்திரி என்று சொல்லும் காய்க்கு அரபியில் என்ன பெயர்? ஃபீல், அதாவது யானை! நாம் ராணி என்பதை அங்கே வஸீர், அதாவது மந்திரி என்கிறார்கள். ஆடத் தெரியாதவர்களுக்கு நம் ஊர்க் கேள்விகள் இருக்கின்றன. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் இருந்து எந்தெந்தத் துறைமுகங்களுக்குப் போனது? மேட்டூர் அணையை ஜூன் 12க்கு முன்பே, மே 24இல் திறந்தது எந்த ஆண்டு? (விடை: 2022.) அந்தக் காலத்து நெல் ரகங்களில் பத்துப் பெயர் சொல்லுங்கள் என்றால், பேரன் ஃபோனைத் தேடுவான், பாட்டனார் விரல்விட்டு எண்ணுவார். தாய்மார்களிடம் விடுகதையும் பல்லாங்குழியும் இருக்கின்றன. பல்லாங்குழியில் சோழி எண்ணுவதும் கணக்குத்தான்.

ஓர் எச்சரிக்கை. நாற்பது வருஷம் ஆடியவர் திடீரென்று குதிரை எப்படிப் போகும் என்று தடுமாறலாம். ஒரே கதையை ஒரே மாலையில் மூன்று முறை சொல்லலாம். அப்போது தயவுசெய்து சிரிக்காதீர்கள். பலர் முன்னிலையில் திருத்தவும் வேண்டாம். வீட்டாரிடம் தனியாகச் சொல்லுங்கள். பி12 சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும்கூட மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கூட்டமாக உட்கார்வதன் பெரிய பலனே இதுதான். தனியாக இருப்பவரின் தடுமாற்றம் யார் கண்ணிலும் படாது.

நம் அறக்கட்டளைக் கூடம் இனி அஸர் தொழுகை முதல் மஃரிப் பாங்கு வரை பெரியவர்களுக்காகத் திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். நடக்க முடியாதவர்களை அழைத்துவரும் பொறுப்பை அந்தந்தத் தெரு இளைஞர்கள் ஏற்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஃபோனில் "சாப்பிட்டீங்களாத்தா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு நிறுத்தாதீர்கள். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் விடை தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஒரு கேள்வியைத் தினமும் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

அல்லாஹ் நம் பெரியவர்களுக்கு ஆயுளோடு ஆரோக்கியத்தையும், கடைசிவரை தெளிந்த நினைவையும், கலிமாவை மொழிந்த நிலையில் முடிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.