தாடைக் கட்டியை அலட்சியஞ் செய்யாதீர்



1842ஆம் ஆண்டில் மதுரையில் கில் என்னும் வைத்தியர் ஒரு பாத நோயை விவரித்தார். உலகம் அதனை ‘மதுரைக் கால்’ என்றழைத்தது. அதற்கு உறவான அரிய நோயொன்று முகத்திலும் கழுத்திலும் தோன்றும். அதுவே அக்ரினோமைக்கோசிஸ்.

‘கதிர்க் காளான் நோய்’ என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் அதன் காரணம் காளானன்று, பற்றீரியாவே. 1877இல் பொலிங்கர் மாடுகளின் தாடையில் இதனை விவரித்தார். 1878இல் ஜேம்ஸ் இஸ்ரேல் மனிதரிடத்துங் கண்டு வெளியிட்டார்.

இக்கிருமி நம் வாயிலேயே தீங்கின்றி வாழ்வது. சூத்தைப் பல், பல் பிடுங்கிய புண், தாடைக் காயம் ஆகியவற்றின் வழியே ஆழத்திற் புகுந்தாற்றான் பகையாகும். ஆகவே இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்கிவைப்பது அறியாமை.

தாடையோரம் மரம்போற் கடினமாக வீங்கும். பெரும்பாலும் நோவு குறைவு. நாட்செல்லத் தோலிற் துவாரமுண்டாகி, மஞ்சள் மணிகளோடு சீழ் வடியும். புற்றுநோயென்றோ கசமென்றோ மயங்க இடமுண்டு. சீழையும் தசையையும் சோதித்தே துணிய வேண்டும்.

மருந்து பென்சிலின். ஆனால் அது மாதக்கணக்கில் வேண்டும். கடுமையானால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. வீக்கம் வற்றியதும் மருந்தை நிறுத்துவோருக்கு நோய் மீளக்கூடும்.

வாலிபர்களே! வீட்டிலுள்ள முதியோரின் தாடையில் ஆறாத கட்டியிருந்தால், பற்றுப் போட்டுக் காலங்கழிக்க விடாதீர்கள். கையோடு ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவும் சிவத்தொண்டே.