மந்திரச் சுருளும் மறைத்த கணக்கும்



சிம்பாங் அம்பாட் என்ற பெயருக்கு நாற்சந்தி என்று பொருள். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் விளையாடிய இடம் தோட்டத்துத் திடல். இன்று இங்குள்ள பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் பத்து காவானிலோ புக்கிட் மின்யாக்கிலோ ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளின் திடல் கைப்பேசிக்குள் போய்விட்டது. "அப்படி என்னதான்டா அதில் இருக்கிறது?" என்று கேட்கும் அம்மாவுக்கு, "வாளுக்குச் சுருள் போடுகிறேன்மா" என்று பதில் வந்தால் அவருக்கு என்ன விளங்கும்? இரவு ஷிப்டு முடித்து வந்தவருக்கு அதைக் கேட்டு விளங்கிக்கொள்ள நேரமும் இருக்காது. "சூதாட்டம்தானே, மூடி வை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார்.

இன்றைய அரங்கின் கேள்வியும் அதுதான். மந்திர உலக விளையாட்டுகளில் வரும் ஆபத்தான பொருள்கள் பிள்ளைகளுக்குச் சூதைக் கற்றுத் தருகின்றனவா? ஆம், இல்லை என்று சொல்வதற்கு முன் அந்தச் சுருளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

மேப்பிள் ஸ்டோரி என்பது 2003இல் தென் கொரியாவில் வெளிவந்த இணைய விளையாட்டு. நெக்ஸான் என்ற நிறுவனம் நடத்துவது. மலேசியா, சிங்கப்பூர் ஆட்டக்காரர்களுக்கென்று 2005இல் ஏசியாசாஃப்ட் அதைக் கொண்டு வந்தது. இப்போது முப்பது வயதைத் தாண்டியவர்களில் சைபர் கபேக்களில் மாலையைக் கழித்த யாரைக் கேட்டாலும் ஆரஞ்சு நிறக் காளானை அடித்த கதை சொல்வார்கள். அந்த மந்திர உலகத்துக்குள்ளேயே மலேசியாவுக்கென்று ஒரு பகுதியும், 'கம்போங் வில்லேஜ்' என்று ஒரு கிராமமும் சேர்க்கப்பட்டன. அத்தனை நெருக்கமாக வந்து உட்கார்ந்த விளையாட்டு அது.

அந்தக் காலத்தில் அதில் ஒரு வாளை வலுவாக்க வேண்டுமானால் மந்திரச் சுருள் போட வேண்டியிருந்தது. பெரும்பாலான வாள்களில் ஏழு சுருள்களுக்கு இடம் இருந்தது. சுருள்களில் பல வகை. நூற்றுக்கு நூறு வெற்றி தரும் சுருள் வாளின் பலத்தில் 1 புள்ளி கூட்டும். நூற்றுக்கு அறுபது வெற்றி தரும் சுருள் 2 புள்ளி. இது தோற்றால் ஓர் இடம் வீணாகும், அவ்வளவுதான். நூற்றுக்கு முப்பது முறை வெல்லும் கறுப்புச் சுருள் ஒன்று இருந்தது. வென்றால் ஒரேயடியாக 5 புள்ளி. தோற்றாலோ, பாதிக்குப் பாதி வாளே தூளாகிவிடும். அதாவது நூறு முறை போட்டால் முப்பது முறை யோகம், முப்பத்தைந்து முறை இடம் மட்டும் வீண், முப்பத்தைந்து முறை வாள் இல்லை.

இந்தக் கணக்கு முழுவதும் அந்தச் சுருளின் மேலேயே எழுதியிருந்தது. வெற்றி எவ்வளவு, தோற்றால் உடையும் வாய்ப்பு எவ்வளவு என்று இரண்டையும் படித்துவிட்டுத்தான் பையன் சுருளை வாளின் மேல் போடுவான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏழு இடத்திலும் கறுப்புச் சுருளையே போட்டு ஏழும் வென்றால் 35 புள்ளி. அப்படி ஒரு வாளை வைத்திருப்பவனை மற்ற ஆட்டக்காரர்கள் தேடி வந்து பார்ப்பார்கள். அதற்கான வாய்ப்பு என்ன? 0.3ஐ ஏழு முறை பெருக்கினால் பத்தாயிரத்தில் சுமார் 2 வரும். நான்கு நம்பர் எழுதும் பெரியவர்களுக்கு இது பழகிய எண்தான். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், முதல் பரிசு ஒன்றுக்கு. ஏழு சுருளும் பலிப்பதும் முதல் பரிசு விழுவதும் ஏறக்குறைய ஒரே உயரத்துக் கொம்புத் தேன். ஏழும் பலிக்க வேண்டாம், வாள் உடையாமல் கடைசி வரை மிஞ்சினால் போதும் என்றால்கூட, நூற்றில் ஐந்து வாள்தான் மிஞ்சும்.

அப்படியானால் கறுப்புச் சுருளைத் தொடவே கூடாதா? விவரம் தெரிந்த ஆட்டக்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதை எந்த இடத்தில் போடுவது என்று கேட்பார்கள்.

புது வாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு சுருளும் போடாத, சுலபமாகக் கிடைக்கும் வாள். முதல் இடத்தில் கறுப்புச் சுருளைப் போடுகிறான் பையன். உடைந்தால் போவது ஒரு சாதாரண வாள். இன்னொன்று எடுத்துக்கொள்வான். வென்றால் 5 புள்ளி கையில். மிச்சமுள்ள ஆறு இடத்துக்கும் உடைக்காத அறுபது விழுக்காட்டுச் சுருளைப் போட்டால் சராசரியாக இன்னும் 7.2 புள்ளி. மொத்தம் 12.2. கறுப்பையே தொடாமல் ஏழு இடத்திலும் அறுபதைப் போட்டவனுக்குச் சராசரி 8.4 தான்.

இப்போது மற்றவனைப் பாருங்கள். ஆறு இடத்தையும் நிதானமாக நிரப்பி, 7 புள்ளி சேர்த்த பின், கடைசி இடத்தில் ஆசைப்பட்டுக் கறுப்பைப் போடுகிறான். சுருள் அதேதான், எழுதியிருக்கும் வாய்ப்பும் அதேதான். ஆனால் இப்போது உடைந்தால் போவது பல வார உழைப்பு. நூற்றில் முப்பது முறை கிடைக்கும் 5 புள்ளிக்காக, நூற்றில் முப்பத்தைந்து முறை அந்த 7 புள்ளியையும் வாளையும் சேர்த்துப் பலி கொடுக்கிறான். கணினியை உற்றுப் பார்த்தபடி வாய் பிளந்து உட்கார்ந்திருந்த பையன்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது ஆள்தான். ஏனென்றால் ஆசை எப்போதும் கடைசி இடத்தில்தான் வருகிறது. முதல் இடத்தில் வருவதில்லை. கையில் ஒன்றும் இல்லாதபோது துணிவதும், கை நிறைந்த பின் அடங்குவதும் வயது வந்தவர்களுக்கே எளிதில் வாய்க்காத பழக்கம். பங்குச் சந்தையில் பணம் போட்டவர்கள் சபையில் யாராவது இருந்தால் தலையாட்டுவார்கள்.

மேசையில் உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அமெரிக்க விளையாட்டுதான் இந்த வகைக்கெல்லாம் தாய். 1974இல் வந்தது. அடுத்த ஆண்டே அதில் ஒரு மந்திரச் சீட்டுக்கட்டு சேர்க்கப்பட்டது. ஒரு சீட்டு எடுத்தால் கோட்டையே கிடைக்கலாம், இன்னொரு சீட்டில் சொத்து முழுவதும் மறையலாம். அதற்கு ஒரு விதி உண்டு. எத்தனை சீட்டு எடுக்கப்போகிறாய் என்று முதல் சீட்டைத் தொடும் முன்பே சொல்லிவிட வேண்டும். எடுத்துப் பார்த்த பின் 'இன்னும் ஒன்று' என்று கேட்க முடியாது. சுருள் போடும் பையனுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரன் 'போடு, போடு' என்றுதான் சொல்வான்.

மந்திரப் பொருளுக்கு விலை உண்டு என்பது தமிழர்களுக்குப் புதிய செய்தி இல்லை. உடலோடு பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் கழற்றிக் கொடுத்துத்தான் கர்ணன் இந்திரனிடம் சக்தி ஆயுதத்தைப் பெற்றான். ஒரே முறை எய்யலாம். அர்ச்சுனனுக்கென்று பத்திரமாக வைத்திருந்தான். கடைசியில் கடோற்கசன் மேல் எய்ய வேண்டி வந்தது. விலை என்ன, எத்தனை முறை என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தே எடுத்த ஆபத்து அது.

தெரியாமல் எடுக்க வைத்த ஆபத்தின் கதை வேறு. அது 2010இல் தொடங்கியது.

அந்த ஆண்டு கொரிய மேப்பிள் ஸ்டோரியில் 'கியூப்' என்ற பொருள் வந்தது. வாளிலும் கவசத்திலும் மறைந்திருக்கும் மூன்று வரி மந்திர ஆற்றலை அது மாற்றிப் போடும். பிடிக்கவில்லையா, இன்னொரு கியூப். வாள் உடையாது. பார்வைக்குக் கறுப்புச் சுருளைவிடச் சாதுவான பொருள். ஆனால் இரண்டு வித்தியாசம். அதை உண்மையான பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதன்மேல் கணக்கு எழுதியிருக்கவில்லை.

பத்தாண்டுகளுக்கு மேல் அப்படியே ஓடியது. 2021 தொடக்கத்தில் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்து, வாசகம் ஓடும் திரை பொருத்திய லாரியை நிறுவனத்தின் வாசலுக்கே அனுப்பிப் போராடினார்கள். அந்த மார்ச் மாதம் நெக்ஸான் கணக்கை வெளியிட்டது. அப்போதுதான் தெரிந்தது. பெரிய அரக்கர்களை அடிக்கும் பலத்தைக் கூட்டும் வரி மூன்று இடத்திலும் ஒன்றாக விழ வேண்டும் என்றுதான் பலர் கியூப் மேல் கியூப் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது விழவே விழாதாம். வாய்ப்பு சுழியம்.

கொரியாவின் நியாய வணிக ஆணையம் விசாரித்து 2024 ஜனவரியில் முடிவு சொன்னது. 2010 செப்டம்பரிலேயே ஆட்டக்காரர்கள் விரும்பும் ஆற்றல்கள் குறைவாக விழும்படி கணக்கு மாற்றப்பட்டது. 2011 ஆகஸ்டு முதல் சில சேர்க்கைகள் விழாதபடி செய்யப்பட்டன. 2013இல் வந்த கறுப்பு கியூபில் மேல்படிக்கு ஏறும் வாய்ப்பு 1.8 விழுக்காடாக இருந்தது. அது 1.4 ஆகி, 2016இல் 1 விழுக்காடாக இறங்கியது. வாங்குபவனுக்கு எதையும் சொல்லவில்லை. நெக்ஸானுக்கு விதித்த அபராதம் 1,160 கோடி வோனுக்கும் மேல். இது கொரியாவில் நடத்திய சேவையைப் பற்றிய முடிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேயர்களே, தருமன் சூதாடியது தவறு என்று பட்டிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் பேசியாகிவிட்டது. பகடை சகுனியின் கையில் இருந்தது என்பதை அதே அளவுக்குப் பேசுவதில்லை. வாளை உடைக்கும் சுருள், 'உடைப்பேன்' என்று முகத்தில் எழுதிக்கொண்டு வந்தது. எதையும் உடைக்காத கியூப்தான் வீட்டுப் பணத்தைத் தின்றது. பையன் "வாள் போச்சே" என்று அலறும்போது அம்மா ஓடி வருகிறார். கியூபில் சத்தமே வருவதில்லை. ஒவ்வொரு முறையும் சில வெள்ளி, எதுவும் உடையவில்லை, திரையில் மின்மினியாய் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

கணக்கு எழுதியிருந்தால் மட்டும் எல்லாம் சரியா என்று இங்கே ஓர் அம்மா கேட்கலாம். நியாயமான கேள்வி. நான்கு நம்பர் கடையிலும் கணக்கு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வரிசை குறையவில்லை. ஆனால் அந்தக் கடையில் சிறுவனுக்குச் சீட்டு விற்க மாட்டார்கள். கைப்பேசிக்குள் இருக்கும் கடைக்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை. அப்பாவின் அட்டை எண்ணை ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். ஆகவே பணம் போட்டு வாங்கும் மந்திரப் பொருளையும், விளையாடிச் சம்பாதித்த மந்திரப் பொருளையும் ஒரே தராசில் வைப்பது சரியாகாது. இரண்டாவதில் பிள்ளை இழப்பது மாலை நேரத்தை. அதுவும் இழப்புதான். ஆனால் முதல் இடத்துக்கும் ஏழாவது இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வயதில் வேறு எங்கே இவ்வளவு மலிவாகப் படிக்க முடியும்?

சட்டம் மெல்லத்தான் வருகிறது. விலைக்கு விற்கும் இத்தகைய பொருள்களின் வாய்ப்பு விகிதத்தை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கொரியச் சட்டம் 2024 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. கியூப் வாங்கி ஏமாந்த ஓர் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், செலவழித்ததில் 5 விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும் என்ற தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் உறுதி செய்தது. ஐந்தே விழுக்காடு. மீதி போனது போனதுதான்.

இங்கே சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் பெற்றோர் கொரியச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆப்பிள் கடை 2017 முதலும், கூகுள் பிளே 2019 முதலும், காசு கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகளில் எது எத்தனை விழுக்காடு விழும் என்பதை வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரு மூலையில், பொடி எழுத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு பிள்ளையை அழைத்து, "அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டு" என்று கேட்கலாம். அந்தப் பெட்டிக்கு எத்தனை வெள்ளி, அவன் விரும்பும் பொருள் எத்தனை முறைக்கு ஒருமுறை விழும் என்று இருவருமாகப் பெருக்கிப் பார்க்கலாம். நூற்றில் ஒன்று என்றால், நூறு முறை வாங்கினாலும் நூறு பேரில் சுமார் முப்பத்தேழு பேருக்கு அது விழுந்திருக்காது. இதைப் பிள்ளையே போட்டுக் கண்டுபிடிக்கட்டும். பழைய பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கமும் ஒரு கால்குலேட்டரும் போதும்.