திருத்தக்கூடியதை வாங்குவோம்

(பருத்தித்துறையிலிருந்து வந்த தோழர்கள் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1990இல் எங்கள் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை வந்தது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். அந்தக் காலத்தில் கைகொடுத்தவை ஊரிலேயே பிரித்துத் திருத்தக்கூடிய பொருட்கள்தான்: சைக்கிளும் காலால் மிதிக்கும் தையல் மெஷினும்.

இன்று உங்கள் லயத்து வாசலுக்கே ஃபிரிஜ்ஜும் ரைஸ் குக்கரும் தவணைக்கு வருகின்றன. "மாதம் இவ்வளவுதான்" என்பார்கள். எல்லாத் தவணையையும் கூட்டுங்கள். அதில் கைக்காசு விலையைக் கழியுங்கள். மீதியை ஒருநாள் சம்பளத்தால் வகுங்கள். அத்தனை நாளும் நாம் கொழுந்து பறிப்பது வட்டிக்கு.

வாங்குமுன் கேளுங்கள்: உதிரிப்பாகம் டவுனில் கிடைக்குமா? திருத்த ஆளுண்டா? உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் உண்டா? பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்கவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். முறைப்பாட்டுக்கு அதிகாரசபையின் இலக்கம் 1977.

பழுதானதை முதலில் திருத்திப் பாருங்கள். ஆனால் வயர் கருகினால் ஒருநாளும் பொறுக்காதீர்கள், உடனே மாற்றுங்கள். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் லயமே எரியும்.